எஸ்றா, நெகேமியா: பாதியில் மூடிவைக்காமல் படித்து முடிக்க ஒரு முழு வழிகாட்டி

வேதாகமத்தின் பழைய ஏற்பாட்டில் இருக்கும் எஸ்றா நூலை ஆர்வமாகத் திறக்கும் பலர் இரண்டாம் அதிகாரத்தில் மூடிவைத்துவிடுவார்கள். பாரோஷின் புத்திரர் 2172, செபத்தியாவின் புத்திரர் 372 என்று பக்கம் பக்கமாகப் பெயரும் எண்ணுமாக ஓடினால் யாருக்குத்தான் தாங்கும்? அதைத் தாண்டி வருகிறவர்களை நாலாம் அதிகாரம் குழப்பிவிடும். இவ்வளவையும் கடந்து நெகேமியாவுக்கு வந்தால், அங்கே ஏற்கெனவே பிரசங்கங்களில் கேட்டுப் பழகிய ஒரு "தலைமைத்துவப் பாடம்" மனதில் உட்கார்ந்திருக்கும். எருசலேமின் மதிலைக் கட்டினார், எதிரிகளைச் சமாளித்தார், 52 நாளில் முடித்தார், அவ்வளவுதான் கதை என்று ஆகிவிடும். அந்த நூலில் கடன், அடமானம், வரி, குடும்பப் பிரிவு, அதிகாரிகளுக்குள் கடிதச் சண்டை என்று என்னென்னவோ இருக்கிறது.

என் கருத்தில் இந்த நூலைப் புரிந்துகொள்ள ஒரே வழி, இதை ஒரு பழைய அலுவலகக் கோப்பு மாதிரி பார்ப்பது. அரச ஆணை, மனு, பதில் கடிதம், பெயர்ப்பட்டியல், ஒருவரின் சொந்த நினைவுக்குறிப்பு, ஜெபம் எல்லாம் சேர்த்துத் தைக்கப்பட்ட கட்டு இது. ஒவ்வொரு தாளையும் கையில் எடுக்கும்போது யார் எழுதியது, யாருக்கு, எந்த ராஜா காலத்தில் என்ற மூன்று கேள்வியைக் கேட்டாலே முக்கால்வாசிக் குழப்பம் தீர்ந்துவிடும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்தக் கேள்விகளைக் கேட்கப் பழகுவதற்குத்தான்.

தேவையானவை: ஒரு நோட்டு, நாலைந்து கலர் பென்சில், பழைய எருசலேமின் வரைபடம் ஒன்று, முடிந்தால் இரண்டு தமிழ் மொழிபெயர்ப்புகள். ஒன்றில் கோரேஸ் என்று இருப்பவர் இன்னொன்றில் சைரசு என்று இருப்பார், பயப்பட வேண்டாம், ஒரே ஆள்தான். யூதப் பதிப்பையோ எபிரேய எண்ணிக்கையைப் பின்பற்றும் உரையையோ பக்கத்தில் வைத்துக்கொண்டால் நெகேமியா 4-இல் வசன எண் ஆறு தள்ளிப் போகும், ஏனென்றால் நம் பதிப்பின் 4:1 அங்கே 3:33.

முதல் படி: இரண்டையும் ஒரே நூலாக எடுங்கள்

எபிரேய வேதத்தில் எஸ்றாவும் நெகேமியாவும் தனித்தனி நூல்கள் அல்ல. பழைய எபிரேயக் கைப்பிரதிகளில் வசனக் கணக்கு இரண்டுக்கும் சேர்த்து 685 என்று கடைசியில்தான் குறிக்கப்பட்டிருக்கும், நூலின் நடுப்பகுதி என்று நெகேமியா 3:32 காட்டப்பட்டிருக்கும். ஆகவே எஸ்றா 10-இன் முடிவில் கதை சட்டென்று அறுந்தது போலத் தோன்றினால், அது முடிவே இல்லை என்று வைத்துக்கொண்டு தொடருங்கள்.

இதில் ஒரு சுவையான சங்கதி. யூத ரபிமாரின் விவாதத் தொகுப்பான பாபிலோனியத் தல்மூதின் சன்ஹெத்ரின் 93ஆ பக்கத்தில் ரபிமார் ஒரு கேள்வி எழுப்புகிறார்கள்: நூலில் பெரும்பகுதியைச் சொன்னவர் நெகேமியாதானே, பிறகு ஏன் அது அவர் பெயரில் வழங்காமல் எஸ்றா பெயரில் வழங்குகிறது? அவர் தன் நற்செயலுக்குத் தானே உரிமை கொண்டாடிவிட்டார் என்பது ஒரு பதில். முன்னால் இருந்த அதிபதிகளைக் குறைத்துப் பேசினார் என்பது இன்னொரு பதில். இதை மனதில் வைத்துக்கொண்டு "என் தேவனே, என்னை நினைத்தருளும்" என்ற தொனியில் அவர் பேசும் இடங்களைக் குறித்துவாருங்கள் (நெகேமியா 5:19, 13:14, 13:22, 13:31). அந்த ஆளின் குணம் தெரியும்.

இரண்டாம் படி: ராஜாக்களை ஒரு பக்கத்தில் எழுதிவையுங்கள்

இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். நோட்டில் இடப்பக்கம் பாரசீக ராஜா, வலப்பக்கம் நூலில் நடப்பது:

கோரேஸ், கிமு 539-இல் பாபிலோனைப் பிடித்தார். கிமு 586-ஐ ஒட்டி நேபுகாத்நேச்சார் எருசலேமை அழித்துச் சிறைபிடித்துப் போனவர்களின் பிள்ளைகளும் பேரன்களும் திரும்பலாம் என்ற ஆணை 538 வாக்கில். அவருக்குப் பின் கம்பீசஸ், இந்த நூல் அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. தரியு, 522 முதல் 486 வரை; அவருடைய இரண்டாம் ஆண்டில், அதாவது 520-இல், ஆலய வேலை மறுபடி தொடங்கி 515-இல் முடிகிறது. அகாஸ்வேரு, 486 முதல் 465 வரை. அர்தசஷ்டா, 465 முதல் 424 வரை. அவருடைய ஏழாம் ஆண்டில் (458) வேதபாரகரான ஆசாரியன் எஸ்றா வருகிறார், இருபதாம் ஆண்டில் (445) நெகேமியா அதிபதியாக வருகிறார், முப்பத்திரண்டாம் ஆண்டில் (433) நெகேமியா ராஜாவிடம் திரும்பிப்போய் மறுபடி வருகிறார். எஸ்றா வந்தது இரண்டாம் அர்தசஷ்டாவின் காலத்தில், 398-இல், என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. முதல் வாசிப்புக்கு நூல் சொல்லும் வரிசையே போதும்.

பட்டியலை எழுதி முடித்ததும் ஒன்று கண்ணில் படும். எஸ்றா 6-க்கும் 7-க்கும் நடுவில் சுமார் 57 ஆண்டுகள் காணாமல் போயிருக்கின்றன. "இவைகளுக்குப் பின்பு" என்ற ஒரே சொற்றொடரில் இரண்டு தலைமுறையைத் தாண்டிவிடுகிறார்கள். முதலில் திரும்பிய கூட்டத்தின் தலைவரான செருபாபேலும் எஸ்றாவும் ஒருவரையொருவர் பார்த்திருக்கவே வாய்ப்பில்லை.

மூன்றாம் படி: பட்டியல்களை விட்டுவிட்டு ஒரு வேக வாசிப்பு

மொத்தம் 23 அதிகாரம்தான். எஸ்றா 2, நெகேமியா 3, 7, 11, 12-இன் முற்பகுதி இவற்றை இப்போதைக்குத் தாண்டுங்கள். இரண்டு மூன்று அமர்வில் முடித்துவிடலாம். விளக்கவுரை எதையும் தொடாதீர்கள்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் நின்று நிதானியுங்கள், அது எஸ்றா 4. முதல் ஐந்து வசனம் கோரேஸ் முதல் தரியு வரை நடந்த தடங்கலைச் சொல்கிறது. ஆறாம் வசனம் திடீரென்று அகாஸ்வேரு காலத்துக்குத் தாவுகிறது. ஏழு முதல் இருபத்துமூன்று வரை அர்தசஷ்டாவுக்கு ரெகூம், சிம்சாய் என்ற இரண்டு அதிகாரிகள் எழுதிய புகாரும் அதற்கு வந்த பதிலும். பிறகு 24-ஆம் வசனத்தில் மறுபடி தரியுவின் இரண்டாம் ஆண்டு! காலவரிசை என்று நினைத்துப் படித்தால் தலை சுற்றும். புகாரைக் கவனமாகப் படியுங்கள், அதில் ஆலயம் பற்றிப் பேச்சே இல்லை, மதிலைக் கட்டுகிறார்கள், கட்டிவிட்டால் வரி கட்டமாட்டார்கள் என்றுதான் இருக்கிறது. அதாவது தொகுத்தவர், எதிர்ப்பு என்ற தலைப்பில் கையில் கிடைத்த எல்லாத் தாளையும் ஒரே இடத்தில் செருகிவிட்டு, விட்ட இடத்தை 24-இல் பிடித்துக்கொள்கிறார். ஐந்தாம் வசனத்தையும் இருபத்துநாலாம் வசனத்தையும் அடுத்தடுத்து படித்துப்பாருங்கள், நடுவில் ஒன்றுமே நடக்காதது போல ஒட்டிக்கொள்ளும்.

நாலாம் படி: குரல்களுக்குக் கலர் கொடுங்கள்

இப்போது பென்சில். கதைசொல்லி "அவர்கள்" என்று பேசும் இடத்துக்கு ஒரு கலர். எஸ்றா "நான்" என்று பேசும் இடத்துக்கு (ஏறக்குறைய 7:27 முதல் 9-ஆம் அதிகாரம் முடிய) இன்னொன்று. நெகேமியா "நான்" என்று பேசும் 1 முதல் 7 வரையிலான பெரும்பகுதி, 12-இன் பின்பகுதியில் சில இடங்கள், 13-ஆம் அதிகாரம், இதற்கு ஒன்று. அரசுக் கடிதங்களுக்கும் ஆணைகளுக்கும் ஒன்று. ஜெபங்களுக்கு (எஸ்றா 9, நெகேமியா 1, நெகேமியா 9) ஒன்று.

ஓரத்தில் இன்னொரு கோடும் போடுங்கள். எஸ்றா 4:8 முதல் 6:18 வரையும், 7:12 முதல் 26 வரையும் மூலத்தில் எபிரேயம் அல்ல, அரமேயம். பாரசீகப் பேரரசின் அலுவலக மொழி அதுதான். நம் தமிழ் மொழிபெயர்ப்பில் இந்த மாற்றம் தெரியாது, அதனால் கோடு போட்டுக்கொண்டால்தான் உண்டு.

கலர் அடித்து முடித்ததும் ஒரு பயிற்சி. கோரேசின் ஆணை இரண்டு இடத்தில் வருகிறது, எஸ்றா 1:2-4-இல் எபிரேயத்தில், 6:3-5-இல் அரமேயத்தில். இரண்டையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். முதலாவதில் பரலோகத்தின் தேவன் தனக்கு ராஜ்யங்களைத் தந்தார் என்று ராஜா பேசுகிறார், மக்கள் போகலாம், அக்கம்பக்கத்தார் பொன்னும் வெள்ளியும் கொடுத்து உதவட்டும் என்கிறார். தெருவில் தண்டோரா போடுவதற்கு ஏற்ற பேச்சு. இரண்டாவதில் மக்கள் திரும்புவதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது; உயரம் 60 முழம், அகலம் 60 முழம், பெருங்கல் மூன்று வரிசை, மரம் ஒரு வரிசை, செலவு ராஜாவின் அரமனையிலிருந்து, எடுத்துப்போன பாத்திரங்களைத் திருப்பிக் கொடு, அவ்வளவே. நீளம் எவ்வளவு என்று காணவே காணோம். இது மேதிய நாட்டின் அக்மேதா அரமனையில் தேடி எடுக்கப்பட்ட குறிப்பு என்று நூலே சொல்கிறது. ஒரே முடிவு, ஒன்று மக்களுக்கு, மற்றது கஜானாவுக்கு. கோப்பு என்று நான் சொன்னது இதைத்தான்.

ஐந்தாம் படி: எஸ்றா 5:1-இல் நிறுத்தி ஆகாயைப் படியுங்கள்

அந்த வசனம் ஆகாய், சகரியா என்ற இரண்டு தீர்க்கதரிசிகளின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். ஆகாய் நூல் இரண்டே அதிகாரம், உடனே படித்துவிடுங்கள். வசதியான மச்சுவீடுகளில் நீங்கள் இருக்க ஆலயம் பாழாய்க் கிடக்கிறதே என்று அவர் சண்டை போடுகிறார். எஸ்றாவைப் படிக்கும்போது வேலை நின்றதற்குக் காரணம் வெளியிலிருந்து வந்த எதிர்ப்பு என்று தோன்றும், ஆகாயைப் படித்தால் உள்ளூர்ச் சோம்பலும் பஞ்சமும் தெரியும். ஆகாய் 2:3-ஐயும் எஸ்றா 3:12-13-ஐயும் சேர்த்துப் பாருங்கள். பழைய ஆலயத்தைப் பார்த்த முதியவர்கள் அஸ்திபாரம் போடும்போதே அழுகிறார்கள், இளையவர்கள் ஆர்ப்பரிக்கிறார்கள், எது அழுகை எது ஆரவாரம் என்று பிரித்தறிய முடியவில்லை.

ஆறாம் படி: விட்டுவந்த பட்டியல்களுக்குத் திரும்புங்கள்

இப்போது பட்டியல் சலிக்காது, நம்புங்கள். எஸ்றா 2-ம் நெகேமியா 7-ம் கிட்டத்தட்ட ஒரே பட்டியல். இரண்டிலும் மொத்தம் 42,360 பேர் என்று போட்டிருக்கிறது. கால்குலேட்டரை எடுத்துத் தனித்தனி எண்ணைக் கூட்டினால் எஸ்றாவில் 29,818, நெகேமியாவில் 31,089 வரும். ஆராகின் புத்திரர் ஒன்றில் 775, மற்றதில் 652. அஸ்காதின் புத்திரர் 1,222 என்றும் 2,322 என்றும். இதைப் பார்த்து நூலே பொய் என்று குதிக்கவும் வேண்டாம், எப்படியாவது முட்டுக்கொடுத்துக் கணக்கைச் சரிக்கட்டவும் வேண்டாம். கையால் பிரதி எடுக்கும்போது எண்கள்தான் முதலில் சிதையும்.

அதற்கு அழகான ஒரு தடயம் இருக்கிறது. பாடகர்கள் எஸ்றாவில் 200 பேர், நெகேமியாவில் 245 பேர். அடுத்து விலங்குகளின் கணக்கு: குதிரை 736, கோவேறு கழுதை 245. நெகேமியா 7:68-இல் வரும் குதிரை, கோவேறு கழுதை வரியே பல எபிரேயக் கைப்பிரதிகளில் இல்லை. இருநூறு என்று எழுதிக்கொண்டிருந்த ஒரு எழுத்தரின் கண் அடுத்த வரியின் இருநூற்று நாற்பத்தைந்துக்குத் தாவியிருக்க வேண்டும், நடுவிலிருந்தது விழுந்துபோயிருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய ஒருவரின் அசதியை நாம் இப்படிப் பிடித்துவிடலாம்!

நெகேமியா 3-க்கு வரைபடம் வேண்டும். ஆட்டுவாசலில் தொடங்கி மீன்வாசல், பழையவாசல், பள்ளத்தாக்கின் வாசல், குப்பைமேட்டுவாசல், ஊருணிவாசல், தண்ணீர்வாசல், குதிரைவாசல் என்று விரலை இடஞ்சுழியாக நகர்த்திக்கொண்டே போனால் மறுபடி ஆட்டுவாசலுக்கே வந்துசேருவீர்கள். போகிற வழியில் ஆட்களைப் பாருங்கள். பிரதான ஆசாரியன் எலியாசிப் கல் தூக்குகிறார். தட்டார்கள், பரிமளதைலக்காரர்கள், வியாபாரிகள் இருக்கிறார்கள். சல்லூம் என்பவர் தன் குமாரத்திகளோடு கட்டுகிறார் (3:12). தெக்கோவா ஊர்க்காரர்கள் இரண்டு பங்கு கட்டுகிறார்கள், ஆனால் அந்த ஊர்ப் பெரிய மனிதர்கள் கழுத்தைக் குனியவில்லை என்று போகிறபோக்கில் ஒரு குத்து (3:5). தன் தன் வீட்டுக்கு எதிரே கட்டினான் என்று அடிக்கடி வருவதையும் எண்ணுங்கள், ஆட்களை எப்படி வேலைக்கு இழுத்தார்கள் என்று புரியும்.

ஏழாம் படி: இரண்டு காட்சிகளை மட்டும் நெருங்கிப் பாருங்கள்

எல்லா அதிகாரத்தையும் வரிவரியாகத் தோண்ட நேரம் இருக்காது. நான் நெகேமியா 2:11-16-ஐயும் 5-ஆம் அதிகாரத்தையும் சொல்வேன்.

முதலாவது, இடிந்த மதிலைப் பார்க்க நெகேமியா போன இராத்திரிச் சுற்று. ஊருக்கு வந்த மூன்று நாளில், யாரிடமும் சொல்லாமல், சில ஆட்களோடு, ஒரே ஒரு மிருகத்தில் ஏறிப் போகிறார். ராஜாவின் குளத்தருகே மிருகம் போக வழியில்லை. கேத்லீன் கென்யன் 1960-களில் எருசலேமின் கிழக்குச் சரிவில் அகழாய்வு செய்தபோது, படிப்படியாகக் கட்டியிருந்த மேடைகள் சரிந்து கிடந்த கற்குவியலைக் கண்டார். நெகேமியாவின் மிருகம் நின்றது இப்படிப்பட்ட இடிபாட்டில்தான் என்று அவர் கருதினார். சரிவில் இருந்த பழைய மதிலை விட்டுவிட்டு மேட்டில் புது மதில் எழுப்பியிருக்கலாம், அப்படியானால் ஊர் முன்பைவிடச் சிறுத்துவிட்டது. 52 நாள் என்ற கணக்கு அப்போது அவ்வளவு வியப்பாக இருக்காது.

இரண்டாவது கடன். ஐந்தாம் அதிகாரத்தில் மூன்று கூட்டத்தார் முறையிடுகிறார்கள், பிரித்துப் படியுங்கள். பிள்ளைகுட்டி அதிகம், சாப்பிடத் தானியம் வேண்டும் என்கிறவர்கள் ஒரு பக்கம். பஞ்சத்தில் வயலையும் திராட்சத்தோட்டத்தையும் வீட்டையும் அடமானம் வைத்தவர்கள் அடுத்து. ராஜாவுக்குத் தீர்வை கட்டவே கடன் வாங்கினோம் என்கிறவர்கள் மூன்றாவது. பெண்பிள்ளைகளில் சிலர் ஏற்கெனவே அடிமையாகப் போய்விட்டார்கள். முறையிடுவோரில் அவர்களுடைய மனைவிமாரும் உண்டு என்று முதல் வசனமே சொல்கிறது. அவர்களை நசுக்கியது மதில் வேலையை எதிர்த்த சன்பல்லாத்து இல்லை, சொந்த யூதச் சகோதரர்கள். நெகேமியா பெரியவர்களைக் கூட்டிக் கடிந்துகொள்கிறார், சரி. பத்தாம் வசனத்தில் தானும் தன் சகோதரரும் வேலைக்காரரும் கூடப் பணமும் தானியமும் கடன் கொடுத்திருப்பதை ஒத்துக்கொள்கிறார். அதை மெதுவாகத் தாண்டிவிடாதீர்கள். உடனே பின்னால் பன்னிரண்டு வருஷம் அதிபதியின் படி வாங்கவில்லை, என் பந்தியில் 150 பேர் சாப்பிட்டார்கள், தினம் ஒரு காளை, ஆறு ஆடு என்று நன்மைக் கணக்கு வாசிக்கிறார். சொல்கிறவர் அவரே, கணக்கு எழுதினவரும் அவரே என்பது ஞாபகம் இருக்கட்டும்.

எட்டாம் படி: நூலுக்கு வெளியே நாலு சான்றுகள்

கோரேசின் களிமண் உருளை 1879-இல் பாபிலோனில் கிடைத்தது, இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதுதான் எஸ்றா 1-இன் ஆணை என்று வாட்ஸ்அப்பில் சுற்றும். உருளையில் எருசலேமும் இல்லை, யூதரும் இல்லை; மெசொப்பொத்தாமியப் பகுதியின் தெய்வச் சிலைகளையும் மக்களையும் அவரவர் இடத்துக்குத் திருப்பியதாக ராஜா சொல்கிறார். அவருடைய பொதுவான போக்குக்குச் சான்று, அவ்வளவுதான். எஸ்றா 5-இல் வந்து விசாரிக்கும் தத்னாய் என்ற அதிபதியின் பெயர் கிமு 502-ஐச் சேர்ந்த ஒரு ஆப்பெழுத்துப் பலகையில் இருக்கிறது. எகிப்தின் தெல் எல்-மஸ்கூத்தாவில் கிடைத்த வெள்ளிக் கிண்ணம் ஒன்றில் "கேதாரின் ராஜா கேஷேமின் மகன்" என்று பொறித்திருக்கிறது; நெகேமியாவின் அரபிய எதிரி கேஷேமாக அந்தத் தகப்பன் இருக்கலாம்.

எனக்குப் பிடித்தது நாலாவது. நைல் நதியின் எலிபன்டைன் தீவில் யூதப் படைவீரர்களின் குடியிருப்பும் அவர்களுக்கென்று ஒரு கோயிலும் இருந்தன. கிமு 410-இல் அந்தக் கோயில் இடிக்கப்பட்டது. 407-இல் அவர்கள் யூதாவின் அதிபதிக்கு அரமேயத்தில் ஒரு மனு எழுதினார்கள். சமாரியா அதிபதி சன்பல்லாத்தின் மகன்களுக்கும் எழுதியிருப்பதாக அதில் குறிப்பிடுகிறார்கள்! நெகேமியா வெறும் ஓரோனியன் என்று ஏளனமாகச் சொல்லும் ஆள், உண்மையில் பக்கத்து மாகாணத்தின் அதிகாரி. மதில் சண்டையை இரண்டு அதிகாரிகளின் எல்லைத் தகராறாக மறுபடி படித்துப்பாருங்கள்.

ஒன்பதாம் படி: கஷ்டமான அதிகாரங்களை ஒதுக்காதீர்கள்

எஸ்றா 9-10-இல் அந்நிய மனைவிகளையும் அவர்கள் பெற்ற பிள்ளைகளையும் அனுப்பிவிடத் தீர்மானிக்கிறார்கள். ஒன்பதாம் மாதம், அடைமழை, ஜனங்கள் ஆலயத்தின் முன் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பத்தாம் அதிகாரத்தில் அனுப்பப்பட்டவர்களின் கணவர்கள் பெயர் பெயராக இருக்கிறார்கள், அந்தப் பெண்களில் ஒருத்தியின் பெயர்கூட இல்லை. என்னால் இதை நியாயப்படுத்த முடியாது. ஆனாலும் ஏன் என்று கேட்டுப் படிக்க வேண்டும்: சொந்த ராஜா இல்லை, படை இல்லை, பேரரசின் மூலையில் சின்ன மாகாணம், "நாங்கள் இன்று அடிமைகள்" என்று அவர்களே ஜெபிக்கிறார்கள் (நெகேமியா 9:36), எல்லை கரைந்துவிடுமோ என்ற பயம், அதோடு நிலம் யார் கைக்குப் போகும் என்ற கேள்வி. எதிர்த்து நின்ற இருவர் பெயரை எஸ்றா 10:15 பதிவு செய்திருக்கிறது என்றே பலரும் அந்த வசனத்தைப் படிக்கிறார்கள். பிறகு மோவாபியப் பெண்ணை தாவீதின் கொள்ளுப்பாட்டியாக்கும் ரூத்தையும், அந்நியரையும் உள்ளே அழைக்கும் ஏசாயா 56-ஐயும் படியுங்கள். ஒரே வேதத்துக்குள் இந்த வாதம் நடக்கிறது.

இங்கேயே இரண்டு தலைவர்களையும் ஒப்பிட்டுவிடலாம். எஸ்றா துக்கத்தில் தன் தலைமயிரையும் தாடியையும் பிடுங்குகிறார் (9:3), நெகேமியா கோபத்தில் மற்றவர்களின் மயிரைப் பிடுங்குகிறார் (13:25). ராஜாவிடம் படை கேட்க எஸ்றாவுக்கு வெட்கம் (8:22), நெகேமியா சேனாபதிகளோடும் குதிரைவீரரோடும் வந்து இறங்குகிறார் (2:9). நூல் இருவரில் யார் சரி என்று சொல்வதில்லை.

பத்தாம் படி: நெகேமியா 8-ஐச் சத்தமாக வாசியுங்கள், முடிந்தால் கூட்டமாக

தண்ணீர்வாசலுக்கு முன்னான வீதி, மரத்தால் செய்த பிரசங்கபீடம், விடியற்காலம் முதல் நண்பகல் வரை வாசிப்பு, ஆலயப் பணி செய்யும் லேவியர் கூட்டத்துக்குள் நடந்து அர்த்தம் சொல்லிக்கொண்டே போகிறார்கள். நாலைந்து பேர் சேர்ந்தால் ஒருவர் வாசிக்க, ஒருவர் விளக்க, மற்றவர்கள் குறுக்கே கேள்வி கேட்கலாம். அந்த அதிகாரம் மதில் கதையின் நடுவில் ஏன் வருகிறது, எஸ்றா இவ்வளவு நாள் எங்கே போயிருந்தார் என்ற கேள்வி கட்டாயம் எழும். எஸ்திராஸ் முதல் நூல் என்ற பழைய கிரேக்க வடிவம் இந்த வாசிப்பை எஸ்றா 10-க்கு நேர் பின்னால் வைத்திருக்கிறது என்பதை அப்போது எடுத்துப்போடுங்கள், பேச்சு சூடு பிடிக்கும்.

கடைசியாக நெகேமியாவின் 10-ஆம் அதிகாரத்தையும் 13-ஆம் அதிகாரத்தையும் ஒரே அமர்வில் படியுங்கள். பத்தில் கையெழுத்துப் போட்டு என்னென்ன வாக்குக் கொடுத்தார்களோ, ஓய்வுநாளில் வாங்கமாட்டோம், தசமபாகம் தவறாது, அந்நியக் கல்யாணம் இல்லை என்றெல்லாம், அத்தனையும் பதின்மூன்றில் உடைந்து கிடக்கிறது. லேவியருக்குப் படி போகாமல் வயலுக்குத் திரும்பிவிட்டார்கள், தீரு பட்டணத்தார் ஓய்வுநாளில் மீன் விற்கிறார்கள், ஆலயத்தின் அறையொன்றில் நெகேமியாவின் பழைய எதிரி தொபியாவுக்கு இடம், அதைக் கொடுத்தது ஆசாரியனான எலியாசிப். நெகேமியா தட்டுமுட்டுச் சாமான்களை வெளியே வீசுகிறார். அதே மனநிலையில் மல்கியா என்ற தீர்க்கதரிசன நூலையும் எடுத்துவிடுங்கள், நாலு அதிகாரம்தான், ஊனமான பலி, தசமபாகம், கல்யாணம் என்று அதே புகார்கள் இன்னொரு குரலில் வரும்.